பாம்பன் ஐஸும் விப்ரியோவும்

மண்டபம் கரையில் எடுத்த கடல்பாசியில் ஒட்டியிருந்த விப்ரியோ என்ற பாக்டீரியா அது. பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்து அதற்குள் ஏற்றிவிட்டால், பாசியில் எங்கே குடியேறுகிறது என்று பார்க்கலாம். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது.

முதலில் வெப்ப அதிர்ச்சி, திடீர்ச் சூட்டில் செல்லை டிஎன்ஏ வாங்க வைக்கும் வழி. கால்சியம் குளோரைடில் செல்களை ஊறவைத்து, ஐஸில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 நொடி, மறுபடி ஐஸ். அன்று லேபில் ஐஸ் மெஷின் படுத்துவிட்டது. தெர்மோகோல் பெட்டியோடு பாம்பனில் மீன் இறக்கும் இடத்துக்கே ஓடினேன். "என்ன தங்கச்சி, மீனக் காணோம், வெறும் ஐஸ கொண்டு போற?" என்றார் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அண்ணன். மீன் வாடை ஐஸிலும், ஒத்துப்பார்க்க வைத்த லேப் பாக்டீரியா ஈ.கோலையில் நூற்றுக்கணக்கில் காலனி (ஒரு செல்லிலிருந்து பெருகிய புள்ளி) வந்தது. விப்ரியோவில் ஒன்றுகூட இல்லை. பல விப்ரியோக்கள் டிஎன்ஏவை அறுக்கும் நொதியை வெளியே விடுபவை. நான் கொடுத்த பிளாஸ்மிட் உள்ளே போகும் முன்பே துண்டாகியிருக்க வேண்டும்.

அடுத்து மின்துளைப்பு, மின் அதிர்ச்சியில் செல்லில் ஓட்டை போட்டு டிஎன்ஏவை நுழைப்பது. இதில்தான் நிறைய நாள் போனது. செல்லோடு துளி உப்பு ஒட்டியிருந்தாலும் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து செல் வைக்கும் சின்னக் குப்பியான குவெட்டுக்குள் 'டப்' என்று பொறி பறக்கும், செல்லெல்லாம் சாம்பல். உப்பு போகட்டும் என்று வெறும் தண்ணீரில் கழுவினால் கடலில் வளர்ந்த செல் வீங்கி வெடித்துவிடும். கடைசியில் சுக்ரோஸ் கரைசலில் மூன்று முறை கழுவி, ஈ.கோலைக்கு வைக்கும் 2500 வோல்ட்டையும் குறைத்தேன். பொறி நின்றது. காலனி இரண்டே இரண்டு. அவையும் மறு தட்டில் வளரவில்லை.

ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி டிஎன்ஏவைக் கைமாற்றும் இணைவு முறையை முதலிலேயே எடுத்திருக்கலாம். சோம்பல்தான் காரணம்: என் பிளாஸ்மிடில் இடமாற்றத்தைத் தொடங்கும் பகுதி இல்லை, அதைச் சேர்க்கவே மூன்று வாரம். ஆனால் இதில் டிஎன்ஏ செல்லிலிருந்து செல்லுக்கு நேராகப் போகிறது, வெளியே இருக்கும் நொதிக்கு அகப்படாது. பிளாஸ்மிடைக் கொடுக்கும் ஈ.கோலையையும் விப்ரியோவையும் 0.45 மைக்ரான் வடிதாளில் ஒன்றாக வைத்து ஓர் இரவு விட்டேன். காலையில், பிளாஸ்மிட் ஏறிய செல் தாங்கும் குளோராம்பெனிக்கால் மருந்து கலந்த டிசிபிஎஸ் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் பரப்பினேன், அதில் ஈ.கோலை தலைதூக்காது, விப்ரியோ வளரும்.

14 காலனி. கடல்நீர் அகாருக்கு மாற்றி நீல விளக்கில் பிடித்தபோது 11 பச்சையாக ஒளிர்ந்தன. மற்ற மூன்றும் மருந்துக்குத் தாமாகவே பழகியவை போலும், கழித்துவிட்டேன்.