செத்த தோலின் மேல் ஒரு கூடைப் பின்னல்

திசுப் பரிசோதனைக்காக வார்டிலிருந்து எனக்கு வந்த சீட்டில் "உடம்பெல்லாம் தடிப்பு, மருந்து ஒவ்வாமையா?" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன மருந்து, எப்போது தொடங்கியது, வாயும் கண்ணும் புண்ணாகியிருக்கிறதா, ஒன்றும் இல்லை. கூடவே 4 மி.மீ. அளவில் இரண்டு தோல் துண்டுகள். நல்லவேளையாக ஒன்றை ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல் அனுப்பியிருந்தார்கள். அதை உறையவைத்துச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

கொப்புளம் என்றால் நான் முதலில் தேடுவது, தோல் எந்த மட்டத்தில் பிரிந்திருக்கிறது என்பதை. ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சினால் உரியும் தோலில் மேல்தோலின் உச்சியிலேயே, துகளடுக்கை ஒட்டிப் பிரிவு விழும். இதில் மேல்தோல் முழுசாக அடியோடு கழன்று நின்றது. செல்கள் உருவம் மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாக வெளிறியிருந்தன, உட்கருக்கள் மங்கிவிட்டன. ஸ்டீவன்ஸ்-ஜான்சன், டென் (TEN) வகை நோய்தான், அதாவது பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் மேல்தோல் செத்து உரியும் கொடிய நோய்தான் என்று அப்போதே மனசுக்குப் பட்டுவிட்டது.

இந்த ஸ்லைடுகளில் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குவது செத்த அடுக்குகளுக்கு மேலே இருக்கும் கெராட்டின் படலம், தோலின் ஆக மேலுறை. கூடை முடைந்ததுபோல அலுங்காமல் கிடக்கும். அது இந்த நோய்க்கு முன்பே உருவான படலம். மாறுவதற்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை, அத்தனை வேகமாகக் கீழே எல்லாம் முடிந்துவிட்டது. அடியில் உள்தோலில் பார்த்தால் லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) அங்கொன்றும் இங்கொன்றும்தான். இவ்வளவு அழிவை இத்தனை சொற்பச் செல்களா செய்தன என்று படிக்கும் காலத்தில் நான் குழம்பியதுண்டு. அந்தச் செல்கள் கக்கும் கிரானுலைசின் என்ற புரதம் கொப்புள நீரில் ஏராளமாக இருப்பதை 2008இல் காட்டினார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

வார்டுக்குப் போன் செய்தேன். "எந்த மருந்து மேடம்?" என்று இளம் டாக்டர் கேட்டார். அதை ஸ்லைடு சொல்லாது. ஒவ்வாமையில் கூடும் வெள்ளையணுவான ஈயோசினோஃபில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லாது. "மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொல்லுங்கம்மா, ஒவ்வொன்றும் தொடங்கிய தேதியைக் குறியுங்கள்" என்றேன். பெரும்பாலும் தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வெடிக்கிற நோய் இது. மாலையில் அவரே கூப்பிட்டார்: அலோபியூரினால் (யூரிக் அமிலத்தைக் குறைக்கும் கீல்வாத மாத்திரை), 19ஆம் நாள். மூட்டுவலி ஏதும் கிடையாது, ரத்தத்தில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருந்ததாம், அதற்காகக் கொடுத்தது. அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. சந்தேகம் வந்த அன்றே, என் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஒரு காரியத்துக்காக அவர்களுக்கு நன்றி சொன்னேன்.

தோலில் படிந்த எதிர்ப்புரதங்களைத் தேடும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனை இரண்டு நாள் கழித்து நெகட்டிவ் என்று வந்தது, அந்த எதிர்ப்புரதங்களால் வரும் கொப்புள நோய்களான பெம்ஃபிகஸும் பெம்ஃபிகாய்டும் கணக்கில் இல்லை. இப்போது எங்கள் சீட்டில் "மருந்து தொடங்கிய தேதி" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அது காலியாக வந்தால் துண்டைத் தொடும் முன்பே வார்டைக் கூப்பிட்டுவிடுகிறேன்.