தளம் போட நாள் பார்த்தல்

ஆகஸ்ட் 3

கேளம்பாக்கத்தில் நான் மேற்பார்வை பார்க்கும் கட்டடத்தில் முதல் தளத்துக்கான சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் வேலை, தொடங்கிவிட்டது. கடந்த ஆண்டு இதே மாதத்தில் வேறோர் இடத்தில், காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததை நம்பித் தளம் போடச் சொன்னேன். மாலை ஐந்தரை மணிக்கு வந்த மழை, இறுகாத கான்கிரீட்டிலிருந்து சிமென்ட் பாலைக் கரைத்துக்கொண்டு போய்விட, மறுநாள் ஜல்லி மேலெழும்பிக் கிடந்தது. ஒரு பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் போட நேர்ந்தது. அந்த முடிவு என்னுடையது. அதன் வருத்தம் இன்னும் ஆறவில்லை. வானிலை அறிக்கை மாவட்டம் முழுவதற்குமானது. என் தலைக்கு மேலுள்ள வானத்தை நானே படிக்கக் கற்றாக வேண்டும்.

நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் நுனியில் ஒரு முழப் பருத்தி நூலைக் கட்டியிருக்கிறேன். கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எட்டுத் திசைகளையும் குறித்தாயிற்று. காலை 7, பகல் 1, மாலை 5 ஆகிய மூன்று வேளைகளிலும் நூலின் போக்கையும், கீழ் மேகத்தின் நகர்வையும், மேல் மேகத்தின் நகர்வையும் தனித்தனியாக எழுதுவதென்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

ஒரு வாரக் குறிப்புகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காலையில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வறண்டு வீசுகிறது. இன்று பகல் ஒன்று இருபதுக்கு நூல் துவண்டு கழியோடு ஒட்டிக்கொண்டது. சில நிமிடங்களில் அது எதிர்ப்பக்கம் திரும்பி மேற்கு நோக்கி நீண்டது. வியர்வையில் குளிர்ச்சி பட்டது. தரை வெயிலில் சூடேறிக் காற்று மேலெழும்ப, கடலின் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. மேல்காற்று வலுத்திருந்த செவ்வாயன்று இது நான்கு மணி வரை வரவே இல்லை.

இரண்டு காற்றுகளும் எதிரெதிரே முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மேற்கே வண்டலூர்ப் பக்கத்தில் திரள் மேகங்கள் வரிசை கட்டி நிற்பதற்கு இதுதான் காரணமென்று இப்போது புரிகிறது.

ஆகஸ்ட் 21

இன்று தவறாகக் கணித்தேன். ஆனால் இம்மாதத்தில் நான் கற்றவற்றுள் இதுவே பெரிது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மாலை நான்கரைக்கு மேற்கில் ஒரு கார்திரள் மேகம் காலிஃபிளவர் போல் குமிழ்விட்டு எழுந்தது. ஐந்து மணிக்குள் அதன் உச்சி குமிழ்களை இழந்து, நார்நாராகப் பிரிந்து, கொல்லனின் பட்டடைக்கல் போலத் தட்டையாக நீளத் தொடங்கியது. அது நீண்டது எனக்கு எதிர்ப்புறமாக, மேற்கு நோக்கி. தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு சேர்த்துப் பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்து, சந்தேகமில்லாமல் அது விலகிப் போகிறதென்று எழுதி வைத்தேன். ஆறே காலுக்கு மேற்கிலிருந்து புழுதியோடு குளிர்ந்த காற்று அடித்தது. நூல் கிழக்கே தெறித்து நீண்டது. ஏழு நிமிடத்தில் மழை கொட்டியது.

இரவு உட்கார்ந்து படித்த பிறகே என் பிழை விளங்கியது. இந்தப் பருவத்தில் நம் தலைக்கு மேல் ஒரே காற்று இல்லை. சில கிலோமீட்டர் உயரம் வரை மேற்கிலிருந்து வீசும் காற்றே இடிமேகத்தின் உடலைக் கடற்கரை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. அதற்கும் வெகு உயரத்தில், சுமார் 15 கிலோமீட்டரில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரும் காற்றாறு ஓடுகிறது. இந்திய வானிலையியலாளர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விரித்து எழுதிய கிழக்கு ஜெட் காற்றோட்டம் அதுதான். மேகத்தின் உச்சி அந்த ஆற்றில் சிக்கி மேற்கே இழுபட, அடிப்பகுதி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் உச்சியை மட்டும் பார்த்துவிட்டேன். இனி மேகத்தின் கறுத்த அடிவரம்பு எந்த மரத்துக்கு நேராக நிற்கிறதென்றே குறிக்க வேண்டும்.

செப்டம்பர் 4

குறிப்பேட்டை மேஸ்திரியிடம் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், மழையெல்லாம் அந்தியிலதானே வந்திருக்கு? நாம விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டா என்ன?" என்றார். இத்தனை நாள் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. விளக்கு கட்டி அதிகாலை நான்கரைக்குத் தொடங்கி, பத்தரைக்கு முதல் தளத்தை முடித்துவிட்டோம். மாலை ஆறரைக்குத் தூறல் விழுந்தபோது தளம் இறுகியிருந்தது. மேஸ்திரியின் கணக்கை மனமாரப் பாராட்டுகிறேன்.

அக்டோபர் 12

கோவளத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், மேகம் எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துக் கற்று வருவதாகச் சொன்னேன். "போறத ஏன் தம்பி பாக்குற? எங்கேருந்து வருதுன்னு பாரு" என்றார். காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதே அப்படித்தான்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் உண்டு. காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் இந்தக் கரையின் மழையை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 23

நேற்று முதல் கீழ் மேகங்கள் கிழக்கிலிருந்து வருகின்றன. அடி தாழ்ந்த, சிறிய, வேகமான மேகங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மழை, ஐந்தேகாலுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, இடியும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதென்று மாலையில் அறிவிப்பும் வந்தது. இரவில் கடல்மேல் திரளும் மேகங்கள் விடியலில் கரையேறுகின்றன. வெயில் ஏறியதும் கலைகின்றன. ஆகவே செப்டம்பரில் எங்களைக் காத்த அதே அதிகாலை, இப்போது தளம் போடக் கூடாத வேளையாகிவிட்டது. ஊரும் மாடியும் மாறவில்லை. காற்று மாறியதும் கணக்கு முழுவதும் தலைகீழாகிறது.

நவம்பர் 13

இரண்டாம் தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்தது. இரவில் நிலவைச் சுற்றி வட்டம். "எட்ட வட்டம் கிட்ட மழை" என்று அம்மா சொல்வதை அளந்து பார்த்தேன்: கையை நீட்டிச் சாண் விரித்து, கட்டை விரலை நிலவின்மேல் வைத்தால், சுண்டு விரல் வட்டத்தைத் தொட்டது. சுமார் 22 பாகை. இது உயரத்தில் பரவும் கீற்றுப்படை மேகத்தின் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் உண்டாவது. நிலவை ஒட்டித் தெரியும் சிறு வட்டமோ நீர்த்திவலைகளால் ஆவது, அது வேறு. இரண்டையும் பிரித்தறிந்த பழமொழியை மதிக்கிறேன்.

நவம்பர் 14

வாடை வலுத்துவிட்டது. நூல் துடித்துக்கொண்டே இருக்கிறது. டச்சு அறிவியலாளர் பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதிப்படி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையைச் சற்று முன்சாய்த்து நீட்டினேன். கை தென்கிழக்கைக் காட்டியது. காற்றழுத்தத் தாழ்வு அங்கே, கடலில் இருக்கிறது. தளம் போடுவதைத் தள்ளிவைத்தேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது நான் ராயபுரத்தில் இருந்தேன். வடக்கிலிருந்து அடித்த காற்று பிற்பகலில் சட்டென ஓய்ந்ததும், எல்லாம் முடிந்ததென்று பலர் தெருவுக்கு வந்தார்கள். ஓய்ந்தது புயலின் மையம் தலைக்கு மேல் வந்ததால்தான். பிறகு காற்று தெற்கிலிருந்து அடித்தது. இந்த விதி அன்று தெரிந்திருந்தால், அவர்களைக் கூவி உள்ளே அழைத்திருப்பேன்.

நவம்பர் 16

இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. காற்று வடக்கிலிருந்து வடகிழக்காகி, இன்று பகலில் கிழக்காகிவிட்டது. தாழ்வு நமக்குத் தெற்கே கரையைக் கடக்கிறது என்று பொருள். காற்று வடமேற்காகத் திரும்பியிருந்தால், தாழ்வு நமக்கு வடக்கே போகிறதென்று எழுதியிருப்பேன். மாலை அறிக்கையும் தெற்கே கடப்பதையே உறுதி செய்தது.

நவம்பர் 20

கடைசி விடியல் மழை ஏழே முக்காலுக்கு நின்றது. கீழ் மேகங்களுக்கிடையே நீலம் அகன்றதைப் பார்த்து, ஒன்பது மணிக்குக் கலவை இயந்திரத்தை ஓட்டச் சொன்னேன். மூன்றரைக்கு முடிந்தது. அடுத்த விடியலுக்காகத் தார்ப்பாய்களை எடுத்து வைத்திருக்கிறோம்.

நவம்பர் 24

மூங்கில் கழியை இரண்டாம் தளத்துக்குக் கொண்டுவந்து நட்டாயிற்று. வீட்டு மாடியில் தென்னைகள் மறைத்திருந்த கீழ்வானம் இங்கிருந்து திறந்து கிடக்கிறது. காலை 6 மணி: வடகிழக்குக் காற்று, மெல்லியது, கடலுக்கு மேல் மூன்று திரள் மேகங்கள், நடுவிலுள்ளதன் அடியில் மழைத்தாரை தொங்குகிறது.