பிரின்ஸ்டனின் அணியம்: 1:700 அளவில் ஓர் இலகு விமானந்தாங்கி

அமெரிக்கக் கடற்படையின் இண்டிபென்டன்ஸ் வகை இலகு விமானந்தாங்கிகளுள் இரண்டாவதான பிரின்ஸ்டனைப் பால்சா மரத்தில் செதுக்கத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. முதலில் அதை டலஹாசி என்னும் குரூசராகவே (பீரங்கிகள் கொண்ட விரைவுப் போர்க்கப்பல்) செதுக்கினேன். அமெரிக்காவின் கேம்டன் நகரில் 1941-இல் கட்டத் தொடங்கியபோது அக்கப்பலின் பெயரும் வடிவமும் அவைதாம். எசெக்ஸ் வகைப் பெரிய விமானந்தாங்கிகள் வந்துசேர வெகுநாளாகும் என்று கவலைப்பட்ட அதிபர் ரூஸ்வெல்ட், கட்டுமானத்தில் இருந்த குரூசர்களை விமானந்தாங்கிகளாக மாற்றும்படி வலியுறுத்தினார். முதலில் மறுத்த கடற்படை, பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் வேகம் காட்டியது. இப்படி மாற்றிய ஒன்பது கப்பல்களும் 1943-ஆம் ஆண்டிலேயே பணியில் சேர்ந்துவிட்டன.

மேலே கொட்டகையும் (விமானங்களை நிறுத்திவைக்கும் கூடம்) அதன்மேல் விமானங்கள் ஏறி இறங்கும் தளமும் ஏறியதால் கப்பல் நிலைகுலையாதிருக்க, அதன் இருபக்கமும் புடைப்புகள் சேர்த்து அகலத்தை ஏறத்தாழ 20 மீட்டரிலிருந்து 22 மீட்டராக்கினார்கள். என் அளவில் அது பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்தபோது விளிம்பே மறைந்துவிட்டதால், இடப்பக்கத்தை மட்டும் மறுபடி செய்தேன். அந்த விளிம்பு தெரியாவிட்டால் இந்த வகையின் பிறப்புக் கதையே மறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

தளத்திலும் தவறினேன். கப்பல் 190 மீட்டர் என்பதால் மரம் 271 மில்லிமீட்டர் இருந்தது. தளத்தையும் அதே நீளத்துக்கு வெட்டிவிட்டேன். பழைய ஒளிப்படங்களைப் பார்த்த பிறகே, தளம் ஏறத்தாழ 168 மீட்டரோடு நின்றுவிடுவதும், குரூசரின் கூரிய அணியம் (கப்பலின் முன்முனை) அதைத் தாண்டி நீண்டிருப்பதும் புலப்பட்டன. 240 மில்லிமீட்டருக்குப் புதிதாக வெட்டிப் பொருத்தியதும் கப்பலுக்கு உரிய முகம் வந்துவிட்டது.

வலப்பக்கம் வெளியே வளைந்து நிற்கும் நான்கு புகைபோக்கிகளைப் பித்தளைக் குழாயில் செய்தேன். உள்ளே நுண்மணல் அடைத்து வளைத்ததால் குழாய் நசுங்கவில்லை.

கொட்டகையின் ஒரு பக்கத்தைத் திறந்தே விட முடிவு செய்திருக்கிறேன். 1944 அக்டோபர் 24 அன்று பிலிப்பைன்ஸ் அருகே நடந்த லெய்ட்டே கடற்போரில், ஒற்றை ஜப்பானிய விமானம் வீசிய ஒரே குண்டு தளத்தைத் துளைத்து இறங்க, கொட்டகையில் டார்ப்பிடோக்களோடு நின்ற அவெஞ்சர் விமானங்கள் தீப்பற்றின. பின்னர் கப்பலில் நேர்ந்த பெருவெடிப்பு, தீயணைக்க அருகில் வந்திருந்த பர்மிங்காம் குரூசரில் 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிரின்ஸ்டனை அன்று மாலையே அமெரிக்கர்களே மூழ்கடித்தார்கள். கொட்டகைக்குள் நிறுத்த வேண்டிய அவெஞ்சர்களில் இரண்டு முடிந்துள்ளன. மடித்த இறக்கைகளோடு ஒவ்வொன்றும் விரல்நகத்தளவே இருக்கின்றன.