ஒரே பிள்ளைக்கு இரண்டு வயதுக் கணக்கு

என் மகன் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,480 கிராம். பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் 27 நாட்கள். 1,810 கிராம் ஆனதும், "வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்றார் மருத்துவர். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. அங்கே நர்ஸ்கள் இருந்தார்கள். வீட்டில் நான், கணவர், அத்தை.

உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சியெடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 25, 30 மில்லி, பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில். அதன் மூக்கைக் கடைவாயில் வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிவிட்டான் என்று தெரிந்த பிறகே அடுத்த வாய். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகும். பாலாடையைக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டெடுத்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கும்.

பகலில் என் நெஞ்சில், இரவில் பாதி நேரம் கணவர் நெஞ்சில். கங்காரு முறை. சட்டையைக் கழற்றிவிட்டு, குல்லாவும் டயப்பருமாக இருக்கும் பிள்ளையை மார்போடு அணைத்து, மேலே வேட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "ஆம்பிளை செய்கிற வேலையா இது?" என்று அத்தை முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் அவரே வேட்டியைத் துவைத்துக் காயவைத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கண் பரிசோதனை. பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இமையை விரித்துவைத்துப் பார்ப்பதைக் காணப் பொறுக்காமல் வெளியே வந்துவிட்டேன். ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள், பார்வை சம்பந்தப்பட்டது.

எடைதான் என்னை ஆட்டிப்படைத்தது. ஒரு வாரத்தில் 1,950 கிராம்; நாளுக்கு 20 கிராம், போதும் என்றார்கள். அடுத்த வாரம் அலைச்சலுக்குப் பயந்து பக்கத்துக் கிளினிக்கில் நிறுத்தினேன். 1,900! இரவு முழுக்க அழுதேன். மறுநாள் பழைய மருத்துவமனைத் தராசில், துணியில்லாமல், 2,110. தராசுக்குத் தராசு மாறும் என்று கிளினிக்கில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். அதன்பின் ஒரே தராசு, வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தால் மலம் கறுத்தபோதும் இப்படித்தான் பதறினேன்.

ஐந்தாம் மாதம் நாத்தனார் பிள்ளை குப்புற விழுந்தது. இவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தப் பார்த்தான். மருத்துவர் காலண்டரைக் காட்டினார்: எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவன், அதைக் கழித்தால் மூன்று மாதத்துப் பிள்ளை. வளர்ச்சிக்கு இந்தக் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்கு. அத்தை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

முதல் பிறந்தநாளுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "ஒரு வயதாகியும் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லையே?" என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அத்தையின் குரல்:

"அவனுக்குப் பத்து மாதம்தான் ஆகிறது. பாயசம் ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள்."