மணலுக்கு 15 பி.எஸ்.ஐ., உளைச் சேற்றுக்கு எதுவும் போதாது

ராமநாதபுரம் மாவட்டத்தின் தனுஷ்கோடியில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் தார் ரோடு வந்துவிட்டது. அதுவரை மணலில் ஆளேற்றிக்கொண்டு ஓடிய வேன்களுக்கு அத்தோடு வேலை போனது. மணலில் புதைகிற வண்டிகள் மட்டும் குறையவில்லை. இப்போது புதைவதெல்லாம் ரோட்டிலிருந்து பத்தடிக்குள்தான். ஓரங்கட்டுவதற்காக இடது பக்கச் சக்கரம் இரண்டையும் இறக்குவார்கள். திரும்ப எடுக்கும்போது மணலில் இருக்கும் சக்கரம் சுழலும், தாரில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். இரு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கிற சாதாரண டிஃபரன்ஷியல், பிடிமானம் இல்லாத பக்கம்தான் சுழற்சியைத் தள்ளிவிடும். நாலு சக்கரத்தையும் இன்ஜினோடு இணைக்கிற ஃபோர் வீல் போட்டாலும் அதே கதைதான்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இடது பக்க இரண்டும் சேர்ந்து குழி தோண்டும்.

மாருதி ஜிப்ஸியோ ஜிம்னியோ மஹிந்திரா தாரோ, இந்தக் கரையில் வண்டியைக் காப்பாற்றுவது முதலில் டயர் காற்று. ஃபோர் வீல் கியர் அதற்கு அப்புறம்தான். ரோட்டில் 26, 28 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் வைத்திருக்கிற டயரை மணலில் இறங்கும் முன் 15-க்குக் கொண்டுவர வேண்டும். ஜிப்ஸி ஒரு டன்னை ஒட்டிய எடை என்பதால் 13, 14 கூடப் போகலாம். மஹிந்திரா தார் கனமான வண்டி, அதற்கு 16, 18 போதும். காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் கூடுவது நீளம். ஒட்டகப் பாதம் மாதிரி இல்லை, புல்டோசர் பெல்ட் மாதிரி. முன்னால் மணலைக் குவித்துத் தள்ளாமல் அதன்மேல் ஏறிப் படுத்து உருளும்.

கேஜ் இல்லையா, ஒரு குச்சி போதும். சமதரையில் நிறுத்தி, ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். 12 செ.மீ. இருந்தால் 9 செ.மீ. ஆகும்வரை இறக்கலாம், அதாவது முக்கால் பங்கு. வால்வு பின்னைக் கழற்றிவிட்டால் சீக்கிரம் இறங்கும். கழற்றிய பின்னை வாயில் கவ்விக்கொள்ளுங்கள், பாக்கெட்டில் போடாதீர்கள். மணலில் விழுந்தால் கிடைக்காது.

12-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும், அதுவும் ஓட்டத்தில் ஸ்டீரிங்கை வெட்டி ஒடிக்கும்போது. டியூப் போட்ட பழைய ஜிப்ஸி என்றால் 18-ஓடு நிறுத்திக்கொள்ளவும். காற்று குறைந்த டயர் ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், டியூபும் கூடவே நகரும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு கழுத்தோடு கிழியும். அதற்குப் பஞ்சர் ஒட்டு கிடையாது, புது டியூப்தான். இறக்கிய காற்றில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம். தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை ஏற்றிவிட வேண்டும். பெரிய கம்ப்ரசரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும்; பேட்டரி முனையில் நேரே கவ்வவும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இனி ஓட்டுவது. பழைய ஜிப்ஸியில் முன் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைக் கையால் திருகி லாக் செய்யாமல் உள்ளே ஃபோர் வீல் லீவரை மட்டும் இழுத்துவிட்டு ஃபோர் வீல் என்று நம்புகிறவர்கள் உண்டு. இறங்கும் முன்னே திருகிவிடுங்கள். புதைந்தபிறகு ஹப் பாதி மணலுக்குள் இருக்கும். தளர்ந்த மணலில் ஓட்டம் வேண்டும் என்றால் ஃபோர் ஹையில் (ஃபோர் வீலின் வேகமான நிலை) இரண்டாவது கியர், குறுகிய ஏற்றத்துக்கும் புதைந்து வெளியே வரவும் ஃபோர் லோ (மெதுவான, இழுவை கூடிய நிலை). ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் சின்ன பெட்ரோல் இன்ஜின்கள். ஜிம்னியின் 134 நியூட்டன் மீட்டர் இழுவை 4000 சுற்றில்தான் முழுசாக வருகிறது. தாழ்ந்த சுற்றில் இழுக்க வைத்து, திணறுகிறதே என்று கிளட்சைப் பாதி மிதித்தால் பத்தே நிமிடத்தில் வாடை வரும். ஃபோர் லோவில் இரண்டு, மூன்று என்று ஓட்டினால் கிளட்ச் பிழைக்கும். இ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடு) இருக்கும் வண்டியில் ஃபோர் ஹையில் அதை அணைத்துவிடுங்கள். சக்கரம் லேசாகச் சுழன்றாலே அது இன்ஜினின் கழுத்தை நெரிக்கும், மணலில் ஓட்டம் நின்றுபோகும்.

நிறுத்தும்போது பிரேக் பிடிக்காதீர்கள். பிரேக் பிடித்தால் நாலு சக்கரத்துக்கு முன்னாலும் மணல் வரப்புக் கட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டாலே தானாக நிற்கும். இறக்கம் பார்த்து நிறுத்துங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் காற்றுக்கு முதுகு காட்டி மெதுவாகப் போனால் ரேடியேட்டருக்குக் காற்றே போகாது. சூட்டு முள் ஏறினால் வண்டியைக் காற்றுக்கு முகமாகத் திருப்பி, ஆஃப் செய்யாமல் ஐந்து நிமிடம் விடவும்.

மணலைச் சமாளிப்பதைவிடத் தரையைப் படிப்பதுதான் இங்கே பெரிய வித்தை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடல். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிப்பட்டினம் பக்கம் பாக் விரிகுடா: அலை இல்லை, ஆழம் இல்லை, மெல்லிய மணலுக்கு அடியில் கறுப்புச் சேறு. காரங்காட்டில் அலையாத்தி மரம் நிற்கிறதே, அதற்கு அர்த்தமே கீழே சேறு என்பதுதான். ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடா: அலை அடித்துச் சலித்த மணல். இதையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். களிமண்குண்டு என்ற ஊரும் வளைகுடாக் கரையில்தான் இருக்கிறது.

இறங்கி நடங்கள். ஈர மணலில் குதிகாலை அழுத்தினால் பாதத்தைச் சுற்றி ஒரு வெளுப்பு வளையம் ஓடி மறைய வேண்டும். அது நெருக்கமாகப் படிந்த மணல், சக்கரத்தைத் தாங்கும். வெளுக்காமல், கால் பட்ட இடம் தயிர் போலக் குலுங்கித் தண்ணீர் கசிந்தால் அங்கே போகாதீர்கள். காலை ஏழு மணிக்குப் பனி ஈரத்தில் கெட்டியாக இருந்த தடம் பதினொரு மணிக்குக் காய்ந்து பொலபொலத்துவிடும். போகும்போது சுலபமாக இருந்தது என்பதை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மோசம் களர்த் தரை. வெயிலில் வெடித்து, உப்புப் பூத்து, வெள்ளை வெளேரென்று கிரிக்கெட் ஆடலாம் போல இருக்கும். அந்த மேலோடு இரண்டு விரல் கனம். கீழே ஈரக் களி. கடப்பாரையை ஒரு கையால் ஊன்றிப் பாருங்கள். ஒரு சாண் தானாக இறங்கினால் அது உளை. மணலில் புதைந்த வண்டியை மண்வெட்டியால் எடுக்கலாம். உளையில் அச்சு வரை உட்கார்ந்த வண்டியைச் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காற்றை இறக்கியும் பயனில்லை. ஆட்டுத் தடம் இருக்கிறது என்று நம்பக் கூடாது, ஆட்டின் எடை என்ன, வண்டியின் எடை என்ன! டிராக்டர் தடம் இருந்தால் அதன்மேலேயே போங்கள்.

புதைந்துவிட்டதா? சக்கரம் சுழன்ற உடனே காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு மிதி என்பதுதான் அச்சைத் தரையில் உட்கார வைக்கிறது. அச்சுக்கு அடியிலும் நாலு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை இன்னும் 2 பி.எஸ்.ஐ. (12-க்குக் கீழே போகாமல்) குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். பத்தில் எட்டுத் தடவை இதிலேயே வந்துவிடும். ஜாக்கி வைக்க ஒன்றேகால் அடிச் சதுரத்தில் கனமான பிளைவுட் துண்டு ஒன்று வேண்டும். அது இல்லையென்றால் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி ஏறாது. சக்கரத்துக்கு அடியில் போடச் சாக்கும் தென்னை மட்டையும் நல்லது. சுற்றிலும் பனைதானே என்று பனை மட்டையைப் போடாதீர்கள். அதன் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்லாகக் கருக்கு இருக்கும். காற்றிறங்கிப் பிதுங்கி நிற்கிற டயரின் பக்கச் சுவரை அது கிழித்துவிடும்.

டிராக்டர் வந்தால் வந்தவர் நல்ல மனதோடு இரும்புக் கம்பி வடத்தை அச்சிலோ ஸ்டீரிங் ராடிலோ சுற்றப் போவார். “அண்ணே, இங்க வேணாம், இந்தக் கொக்கில மாட்டுங்க” என்று சேஸ் கொக்கியைக் காட்டுங்கள். வடத்தின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போர்த்திவிடுங்கள். அறுந்தால் அதன் வீச்சு குறையும். வேடிக்கை பார்க்கும் பையன்களை வடத்தின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லவும்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் பாதை என்றாலே இரு பக்கமும் சீமைக் கருவேலம். டியூப்லெஸ் டயரில் முள் ஏறியிருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். எச்சில் தொட்டுப் பாருங்கள், குமிழி வரவில்லையென்றால் அந்த முள்ளே அடைப்பு. ஊர் வந்து பிடுங்கலாம்.

எங்கே போகக் கூடாது என்பதற்கு வாதமே இல்லை. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள், தனுஷ்கோடியில் 2025-ல் அறிவிக்கப்பட்ட பூநாரை சரணாலயம், ஆமை முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை எந்த மணல் கரையும். ஆமைக்குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது, சக்கரம் ஏறினால் மணல் இறுகிக் குஞ்சு வெளியே வர முடியாது. கரைவலை இழுக்கிற இடத்தில் கயிறு மணலுக்குள் புதைந்து கிடக்கும். வலையும் கருவாடும் காய்கிற இடம் மீனவர்களுடைய வீட்டு முற்றம். குப்பத்தில் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

வீடு திரும்பிய அன்றே அடிப்பாகம் கழுவ வேண்டும். இங்கேதான் ஏமாறுவார்கள். கரையோர வாட்டர் சர்வீஸ்களில் பல இடத்தில் போர் தண்ணீரே உப்பு. உப்பை உப்பால் கழுவிக் காசும் கொடுத்துவிட்டு வருவார்கள். கேனில் கொஞ்சம் பிடித்துச் சோப்பைக் கரைத்துப் பாருங்கள், நுரைக்கவில்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு பரமக்குடி, மதுரை என்று நல்ல தண்ணீருள்ள இடத்துக்குப் போங்கள். ஊருணியில் இறக்காதீர்கள், அது குடிக்கிற தண்ணீர். சேஸ் குழாய்க்குள்ளும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையிலும் தண்ணீர் தெளிந்து வரும்வரை அடிக்க வேண்டும். சூடான அச்சோடு கடல் தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். டீ நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர், அன்றே மாற்ற வேண்டும். கழுவிய வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இல்லையென்றால் காலையில் பின் டிரம் துருவேறி ஒட்டிக்கொண்டு நிற்கும்.