வாணலியில் கூட்டம் வேண்டாம்

காய் வதக்கும்போது சிவக்கவே மாட்டேன் என்கிறதா? அடுப்பைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் ஈரம்தான் காரணம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். காய் நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈரம் வற்றும்வரை சூடு ஏறாது. அதனால் கழுவிய காயைத் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வதங்காது, வெந்துவிடும். சும்மா கிண்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பினால் போதும்.

வெங்காயம் சீக்கிரம் குழைய வேண்டுமா, உப்பை முதலிலேயே போடுங்கள். நீர் விட்டுக்கொள்ளும்.

அப்புறம், ருசியில் ஏதோ குறைகிறது என்றால் உடனே உப்பு டப்பாவைத் தேடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.