பூசத்துக்கு முன் கட்டை விரல் நகம்

ஜனவரி 6, 2025, பினாங்கு

தைப்பூசம் பிப்ரவரி 11. தண்ணீர்மலை முருகன் கோயில் படியை வெறுங்காலோடு ஏறவேண்டும், நகமோ சதைக்குள் குத்துகிறது என்று நோயாளிகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டார்கள். முதலில் நாள் கணக்கு. குத்தும் நக ஓரத்தை எடுத்து, அது மறுபடி முளைக்காமலிருக்க வேரில் ஃபீனால் என்னும் ரசாயனம் வைத்த விரலில் 2 முதல் 4 வாரம் நீர் கசியும். சிலருக்கு 6 வாரமும் ஆகும். இன்று செய்தாலே கையில் இருப்பது 36 நாள்தான்.

வலியும் சிவப்பும் மட்டும் என்றால் கத்தி வேண்டாம். வெதுவெதுப்பான உப்பு நீரில் ஊறவைத்து, நக ஓரத்துக்கு அடியில் முறுக்கிய பஞ்சு இழையைச் செருகி, சதையை நகத்தைவிட்டு விலக்கி பிளாஸ்டர் ஒட்டினால் பூசம் வரை தாங்கும். சீழும் புடைத்த சதையும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அவர்கள் செருப்போடு நடக்கட்டும். முருகன் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

ஜனவரி 9

“நகத்தையே பிடுங்கிவிடுங்கள்” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதில் பயனில்லை. நகத்தின் வேர் தோல் மடிப்புக்கு அடியில் இருக்கிறது. பிடுங்கிய நகம் ஓராண்டுக்கு மேல் எடுத்து அதே அகலத்தில் திரும்பி வரும். அதற்குள் விரல்நுனிச் சதை மேலெழும்பி நிற்க, புது நகம் அதில் போய் முட்டும். எடுக்க வேண்டியது குத்துகிற ஓரத்தையும் அதன் வேர்மூலையையும் மட்டும்தான்.

ஜனவரி 15

செய்முறை. கால் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் ஊசியை எடுக்கக் கூடாது. நீரிழிவுக்காரர்களிடம் இன்னும் கவனம். விரலடியில் இரு பக்கமும் மரத்துப்போக 2% லிக்னோகெயின் ஊசி, மொத்தம் 3 முதல் 4 மில்லி. 5 முதல் 10 நிமிடம் பொறுத்து, கிள்ளிச் சோதிக்க வேண்டும். பிறகு விரலடியில் ரப்பர் பட்டை. நுனியிலிருந்து வேர் வரை 3 மில்லிமீட்டர் அகலக் கீற்றை நேராகப் பிளந்து, ஃபோர்செப்ஸ் இடுக்கியில் பிடித்து நகத்தின் நடுப்பக்கமாகச் சுழற்றினால் வேரோடு வரும். வந்த கீற்றின் அடிநுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். சுற்றுத்தோலில் வாசலின் தடவி, 80 முதல் 90% ஃபீனாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியை வேர்க்குழியில் ஒரு நிமிடம் தேய்க்க வேண்டும். புதுக்குச்சியோடு இப்படி மூன்று முறை. கர்ப்பிணிகளுக்கு ஃபீனால் கூடாது.

ஜனவரி 18

ஓரத்தில் மறுபடி முள்போல நகம் முளைக்கிறதென்றால், பெரும்பாலும் குழி ஈரமாக இருந்திருக்கும். ரத்தம் ஃபீனாலை நீர்க்கச் செய்துவிடும். ரப்பர் பட்டை கட்டுவதே ரத்தத்தை நிறுத்தத்தான். அந்தப் பட்டையைக் கழற்ற மறந்தால் விரலே அழுகிப்போகும். ரப்பர் கையுறையின் விரல் பகுதியை வெட்டிப் பட்டையாகக் கட்டினால் கட்டுத்துணிக்குள் மறைந்துவிடும். ஆகவே, கண்ணில் படும் நிறப்பட்டையும், கழற்றியதை உரக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வதும் கட்டாயம்.

பிப்ரவரி 13

பூசம் முடிந்தது, தள்ளிப்போட்டவர்கள் வருகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரும்பு மூக்குச் சப்பாத்து போடுகிறவர்களுக்கு, நகத்தைவிடச் சதையே அதிகம் தடித்திருக்கும். அங்கே நகத்தைத் தொடாமல் பக்கச் சதையை நன்றாக வெட்டியெடுத்து, தையல் போடாமல் ஆறவிடும் வாண்டன்போஸ் முறை பொருந்தும். ஆனால் ஆற பல வாரம் ஆகும், விடுப்பு கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முதியவர்களின் கொம்புபோல் சுருண்ட நகத்துக்கு வேர் முழுவதையும் எடுக்கும் ஸாடிக் முறை. நகம் திரும்ப வராது.

எல்லாம் செய்தும் ஆறாமல் ரத்தம் கசியும் சதைக்கட்டி இருந்தால், அதை நகக்குத்து என்று விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்து, துண்டு சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நிறமில்லாத மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் இப்படியும் தோன்றும்.